கொழுகொம்பு தேடும் கொடி

பங்கு இல்லத்து அலுவலறைச் சன்னலில், நீர் நிறைந்த கண்ணாடிப் புட்டி ஒன்றில், மணிபிளாண்ட் கொடியொன்று பல்லாண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நமக்கு முன்னிருந்த பங்குத்தந்தையருள் எவர் அதனை வைத்தாரென்பது தெரியவில்லை. நாளுக்கு நாள் கொடி நீண்டதேயன்றி இலை பெருக்கவில்லை. வரவர அது சிறுத்தே வந்தது. சென்ற ஆண்டு திருப்பலிக் கருத்து எழுதவந்த ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர் அதனைப் பார்த்துவிட்டு, "சாமி, இது இன்னும் குழந்தையாகவே இருக்கிறதே" என்றார். பின்னர் நம்மைக் கல்லறைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்று, அங்குள்ள மாமரத்தில் ஏறி, முறம்போன்ற இலைகளோடு பரந்திருந்த வேறொரு கொடியைக் காட்டினார். இரண்டும் ஒன்றே என்றார். நாம் எளிதில் நம்பவில்லை.

நம்பாதவர் நாம் மட்டுமல்லர் என்பதை இக்கொடியின் பெயர் வரலாறு காட்டுகின்றது. 1880இல் லிண்டன், ஆந்திரே எனும் இருவர் இதனைப் போத்தாஸ் இனத்தில் சேர்த்தனர். 1908இல் எங்ளர் என்னும் ஜெர்மானிய அறிஞர் சிந்தாப்சஸ் இனத்திற்கு மாற்றினார். 1962இல் அரிதாகப் பூத்ததொரு பூவைக் கண்டு ராஃபிடோஃபோரா என்றனர். 1964இல் எபிப்ரெம்னம் என்ற இன்றைய இனத்திற்கு அது வந்து சேர்ந்தது. சாலமோன் தீவுகளே இதன் தாயகமென முதலில் கருதினர். தாகித்திக்கு அருகிலுள்ள மூரேயா என்னும் சிறு தீவே தாயகமென்று இன்று கொள்கின்றனர். இத்துணைக் குழப்பத்திற்கும் காரணம் ஒன்றே. தாவர நூலார் பூவைக் கொண்டே இனம் பிரிப்பர், இதுவோ பூப்பதேயில்லை. பூத்தலைத் தூண்டும் ஜிப்பரெலின் என்னும் ஊக்கியை உண்டாக்கும் மரபணு இதனுள் சரிவரச் செயற்படுவதில்லை என்று 2016இல் வெளியான ஆய்வொன்று தெரிவித்தது; அவ்வூக்கியைத் தெளித்தபோது கொடி பூத்தது. ஆதலின் நம் வீடுகளிலுள்ளவை விதையால் வந்தவையல்ல. வெட்டி நட்ட துண்டின் துண்டுகளே.

இக்கொடி சேம்புக் குடும்பத்தைச் சார்ந்தது. மரமேறும் சேம்பினக் கொடிகளை ஐரோப்பியர்க்குப் படமாக வரைந்து காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் துறவி என்பது நமக்கு மகிழ்வளிக்கிறது. புனித பிரான்சிஸ்கு பவுலாவின் மினிம் சபையைச் சேர்ந்த சார்ல்ஸ் புளூமியே, 1646இல் மர்சேய் நகரில் பிறந்தவர். மும்முறை கரிபியன் தீவுகளுக்குச் சென்று, 1693இல் அமெரிக்கத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். இலையில் துளைகளுடைய ஏறுகொடியும் அவர் வரைந்தவற்றுள் உண்டு. மீண்டும் கடல் கடக்கக் காத்திருந்த நிலையில், 1704இல் ஸ்பெயின் துறைமுகமொன்றில் மரித்தார். நம் கல்லறைத் தோட்டங்களில் உதிர்ந்து கிடக்கும் ஈழத்தலரிப் பூவிற்குத் தாவர நூலார் வைத்த புளூமேரியா என்னும் பெயர் இவருடையதே. நவம்பர் இரண்டாம் நாள் மெழுகுதிரியோடு வருவோருள் எத்தனை பேர் இதனை அறிவர்?

கொடி எங்ஙனம் ஏறுகின்றது என்பதைப் பொறுமையோடு நோக்கியவர் சார்ல்ஸ் டார்வின். நோயால் அறையை விட்டு அகல இயலாத நாள்களில், தொட்டியில் வைத்த கொடியொன்றை இரவும் பகலும் கவனித்திருந்தார். 1865இல் அவர் வெளியிட்ட கட்டுரை, சுற்றி ஏறுவன, பற்றுக்கம்பியால் ஏறுவன, கொக்கியால் ஏறுவன, வேரால் ஏறுவன என்றெல்லாம் கொடிகளை வகுத்தது. நம் மணிபிளாண்ட் வேரால் ஏறுவது. அது கம்பைச் சுற்றாது. கணுவிலிருந்து வரும் வேரால் ஒட்டும். ஒட்டுதற்கு ஈரமும் சொரசொரப்பும் வேண்டும்.

இதைவிட வியப்பானது 1975இல் ஸ்ட்ராங், ரே என்னும் இருவர் கண்டது. கோஸ்தா ரிக்கா நாட்டுக் காட்டில், இதே குடும்பத்து மான்ஸ்தெராக் கொடியின் இளங்கன்றுகள் ஒளியை நாடாமல் இருளை நோக்கி ஊர்வதைக் கண்டனர். தரையில் இருண்டு தோன்றுவது பெரும்பாலும் பெருமரத்தின் அடியே. அதனைத் தொட்டபின்னரே கொடி ஒளியை நோக்கித் திரும்புகிறது. இதனைப் படித்த அன்று நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

தமிழ் உழவர்க்குக் கொழுகொம்பின் அருமை புதிதன்று. கொடிக்காலில் முதலில் அகத்தியை விதைத்து வளர்த்து, பின்னரே வெற்றிலைக் கொடியை நட்டு நாரால் கட்டுவர். அகத்தி கொம்பும் ஆகும், நிழலும் ஆகும். ஆசிரியர் நமக்குச் சொல்லிய முறையும் அதுவே. நீர்ப்புட்டியிலிருந்து கொடியை எடுத்து மண்தொட்டியில் நட்டோம். தேங்காய் நார் சுற்றிய கம்பொன்றை ஊன்றி, கணுவின் வேர்முனைப்பு கம்பை நோக்குமாறு கொடியைச் சார்த்தி, இலைக்காம்பு சிக்காதவாறு பழைய வேட்டிக்கிழிசலால் தளர்வாகக் கட்டினோம். முதலில் இறுக்கிக் கட்டிய ஒரு கணு கருகிற்று; அது நம் அவசரம். நாருக்கு நாள்தோறும் நீர் தெளிக்கவேண்டும். நார் உலர்ந்தால் வேர் பற்றாது. முன்பு தொங்கிய இலைகள் பெரியவை ஆகா. இனி வருபவையே மாறும்.

அவர் ஒரு தடையும் விதித்தார். வெட்டிய துண்டுகளை ஓடைப்பக்கம் எறியவேண்டாம் என்றார். இலங்கையிலும் ஹவாயிலும் இவ்வாறு வெளியேறிய கொடி காட்டுமரங்களில் ஏறி, தரையையும் மூடி, உள்நாட்டுச் செடிகளை நெருக்கி வருகின்றது. பூக்காமலும் காய்க்காமலும் அது பரவியது மனிதர் எறிந்த துண்டுகளால்தான். அதன் சாறு வாயில் பட்டால் எரியும். குழந்தைகளும் கால்நடையும் தின்னலாகாது. ஆகவே துண்டுகளையெல்லாம் ஓட்டுக் கூரைமேல் வெயிலில் காயவைத்து எரித்தோம். கல்லறைத் தோட்டத்துக் கொடியை என்ன செய்வதென்று பங்குப் பேரவையில் பேச்சு எழுந்தது. மாமரம் காய்ப்புக் குறைந்துவிட்டது என்பார் ஒருசாரார். அழகாயிருக்கிறது என்பார் மறுசாரார். முடிவு அடுத்த கூட்டத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டது.

அலுவலறைக் கொடி கம்பின் பாதியைக் கடந்துவிட்டது. சென்ற வாரம் விரிந்த இலை நம் உள்ளங்கையை முழுதும் மறைக்கின்றது.