தமிழ்க் கிறித்தவத்தில் இறுதி வெற்றி நம்பிக்கை

தீமை முடிவில் தோற்கும், இறைவனின் ஆட்சி நிலைபெறும் என்பது கிறித்தவ சமயத்தின் அடிப்படை நம்பிக்கைகளுள் ஒன்று. கிறிஸ்து மீண்டும் வருவார், இறந்தோர் எழுவர், அனைவருக்கும் தீர்ப்பு வழங்கப்படும், சாத்தானும் சாவும் ஒழிந்து புதிய வானமும் புதிய பூமியும் தோன்றும் என்பன அதன் கூறுகள். விவிலியத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷம் (கத்தோலிக்கர் வழக்கில் திருவெளிப்பாடு) இவற்றை விரித்துரைக்கிறது. உரோமைப் பேரரசின் நெருக்கடிக்குள் வாழ்ந்த சபைகளுக்காக எழுந்த நூல் அது. அதை மறந்து, எதிர்காலப் பஞ்சாங்கம்போல் வாசிப்போர் எக்காலத்திலும் உண்டு.

தீர்ப்பு உடனே கிடைக்கும் என்னும் நம்பிக்கையும் தமிழகத்தில் உண்டு. விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் அபிராமேசுவரர் கோயில் வட்டப்பாறையின் முன் பொய்ச்சத்தியம் செய்தவர் தண்டனைக்குத் தப்பமாட்டார் என்பது வட்டார நம்பிக்கை. அங்கே வழக்கு இம்மையிலேயே தீர்ந்துவிடும். அதே வட்டாரத்துக் கிறித்தவரோ கடைசி நாள்வரை காத்திருக்கும் தீர்ப்பை நம்புகிறார்கள். ஏன் இந்தத் தாமதம்? மத்தேயு நற்செய்தி 13ஆம் அதிகாரத்தின் களை உவமை இதற்கு விடை சொல்கிறது. இப்போதே களையைப் பிடுங்கினால் பயிரும் கூடவே வந்துவிடும், அறுவடைவரை இரண்டும் வளரட்டும் என்கிறார் நிலத்துக்காரர். அநீதிக்கு ஆளானவருக்கு இது எளிதில் ஆறுதல் தரும் விடையன்று. ஆயினும் போரின் முடிவு இனிமேல்தான் தெரியவேண்டும் என்று கிறித்தவ இறையியல் கருதுவதில்லை. சிலுவையிலும் உயிர்ப்பிலும் வெற்றி கிடைத்துவிட்டது, கடைசி நாளில் அது எல்லார் கண்ணுக்கும் வெளிப்படும் என்பதே அதன் நிலைப்பாடு. இதனால்தான் உயிர்ப்பு விழாவுக்கு முந்திய பாஸ்கா இரவில் கத்தோலிக்க ஆலயங்களில் புதுத்தீயிலிருந்து திரி ஏற்றப்படுகிறது. மக்கள் சாத்தானைத் துறப்பதாகக் கூறித் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிப்பதும் அன்றுதான்.

வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரம் கூறும் ஆயிரம் ஆண்டு அரசாட்சியில்தான் சபைகள் பிரிகின்றன. புனித அகுஸ்தீன் அதைத் திருச்சபையின் காலமாகவே கொண்டார். கத்தோலிக்கம் பெரிதும் அவ்வழியில் நிற்கிறது. 1530இன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும் தன் 17ஆம் பிரிவில், உயிர்த்தெழுதலுக்கு முன் நல்லோர் மட்டும் உலகை ஆள்வர் என்ற கருத்தைத் தள்ளுகிறது. பழைய தென்னார்க்காட்டில் வேரூன்றிய ஆற்காடு லுத்தரன் திருச்சபை இந்த மரபைச் சேர்ந்தது. அதற்கு அடியிட்ட கார்ல் ஓக்ஸ், சாதி வழக்கத்துக்கு இடங்கொடுத்த லைப்சிக் மிஷனோடு முரண்பட்டு வெளியேறியவர். 1861இல் மேல்பட்டாம்பாக்கத்தில் தம் பணியைத் தொடங்கினார்.

நெல்லைச் சீமையில் காற்று வேறு திசையில் வீசியது. கிறிஸ்தியான்பேட்டையைச் சேர்ந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், பிரதரன் இயக்கத்து அந்தோணி நாரிஸ் குரோவ்சுடன் பழகியவர். 1860இல் அவரைச் சுற்றி எழுந்த எழுப்புதலில் இரண்டாம் வருகை பற்றிய எதிர்பார்ப்பு ஓங்கியிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் இந்த எதிர்பார்ப்பைத் தமிழரிடையே பரப்பியதில் பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் பெரும் பங்குண்டு. 1920களில் இலங்கையில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், வருகைக்கு ஆயத்தமாவதையே ஊழியத்தின் மையமாக்கியது. அதன் ஊழியர்கள் வெள்ளை உடை அணிந்து திருமணமின்றி வாழ்கின்றனர்.

இலக்கியம் இந்த நம்பிக்கையைக் காப்பியமாக்கியது. வீரமாமுனிவரின் தேம்பாவணி சூசையப்பரின் வாழ்வை விண்ணக முடிசூட்டு வரை கொண்டுசெல்கிறது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் (1827–1900) இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. ஜான் பனியனின் ஆங்கில நூலை மூலமாகக் கொண்டாலும், பனியனிடம் இல்லாத இயேசுவின் பாடுகளை இரட்சணிய சரிதப் படலமாகக் கவிஞர் விரித்துப் பாடினார். கம்பனில் ஊறிய வைணவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். நாயகனின் போரைக் காட்டாமல் வெற்றியை மட்டும் பாட அந்தப் பயிற்சி விட்டிருக்காது. அந்தப் படலத்தால் மோட்சப் பயணம் முடிவதற்கு முன்பே வெற்றி உறுதியாகிவிடுகிறது. காப்பியத்தின் இறையியல் வலு அங்கேதான் இருக்கிறது.

இறந்தோர் எழுவர் என்று விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடும் ஊர்களிலேயே கல்லறைகள் சாதிவாரியாகப் பிரிந்திருப்பது இந்த நம்பிக்கையின் கூர்மையான முரண். அப்போது விழுப்புரம் மாவட்டத்திலிருந்த எறையூரில் வன்னியக் கத்தோலிக்கருக்கும் தலித் கத்தோலிக்கருக்கும் இடையே நெடுங்காலம் புகைந்த பூசல் 2008 மார்ச்சில் வன்முறையாக வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தனர். எறையூர் நிகழ்வுக்கு முன்பே, இத்தகைய அனுபவங்களிலிருந்து தலித் இறையியல் பிறந்திருந்தது. அதன் முன்னோடிகளுள் ஒருவரான அரவிந்த் நிர்மல் சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் பணியாற்றினார். தீமையைத் தனி மனிதரின் பாவமாகமட்டும் பார்க்காமல் சாதி அமைப்பாகவும் காணும் இந்த இறையியல், இறைவனின் வெற்றி இம்மண்ணின் உறவுகளிலேயே தொடங்கவேண்டும் என்று கோருகிறது.