பழைய மினி எக்ஸ்கவேட்டர்: பராமரிப்பும் பழுதுபார்ப்பும்

மினி எக்ஸ்கவேட்டர் என்பது, ஆறு டன்னுக்கு மேற்படாத எடையும், சிறிய டீசல் எஞ்சினும், எண்ணெயின் அழுத்தத்தால் மடங்கி நீளும் கையும், கீழ்க்கட்டின்மீது முழுவட்டமாகத் திரும்பும் மேற்கட்டும், ரப்பராலோ இரும்பாலோ அமைந்த செயின்களும் உடைய மண் தோண்டும் யந்திரமாகும். பிரான்ஸ் தேசத்து நிறுவனம் ஒன்றின் பெயரையே பொதுப்பெயராக்கிப் 'பொக்லைன்' என்று நம் ஊர்களில் வழங்கும் பெரிய யந்திரங்களின் இனத்தைச் சேர்ந்ததாயினும், இது வளர்ந்து உருப்பெற்ற பூமி ஜப்பான். யன்மார் நிறுவனம் 1968-இல் ஒய்.என்.பி. 300 என்பதையும், நாகானோ மாகாணத்து டக்கேயுச்சி நிறுவனம் 1971-இல் டி.பி. 1000 என்பதையும் வெளியிட்டன. முதன்மை தமக்கே உரியதென்று இரு சாராரும் கூறுவர்.

1980, 1990-ஆம் ஆண்டுகளையொட்டி ஜப்பானில் உருவாகி, அங்கே உழைத்து ஓய்ந்து, கப்பலேறிப் பல தேசங்களுக்கும் போய்ச் சேர்ந்த ஒன்றரை முதல் மூன்று டன் வரையிலான யந்திரங்களைப் பற்றியே இங்கு விசேஷமாகக் கூறப்படுகிறது. இவற்றை வாங்குவோர் முதலில் எதிர்கொள்ளும் சிரமம் பழுதன்று, பெயர். உள்நாட்டு விற்பனைக்கெனச் செய்யப்பட்ட மாதிரியின் எண் வெளிநாட்டுப் பாகப் பட்டியல்களில் காணப்படாமற்போவதுண்டு. ஆதலால் எஞ்சின் பிளாக்கில் பொறித்த எண்ணைக் கொண்டு எஞ்சின் பாகங்களையும், சிலிண்டரினின்று நீளும் ராடின் குறுக்களவு, சிலிண்டரின் உள்வாய், பள்ளத்தின் அகலம் ஆகியவற்றை வெர்னியரால் அளந்து சீல்களையும் தேடிக்கொள்ளுதல் பழகிய மெக்கானிக்குகளின் வழக்கம். கைப்பிடிகளின் அமைப்பும் அக்காலத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபட்டிருந்தமையால், புதிதாக வந்த யந்திரத்தில் ஏறுபவர் எந்தக் கைப்பிடி எதை அசைக்கிறது என்பதை வெட்டவெளியில் மெதுவாகச் சோதித்தறிந்த பின்னரே வேலையில் இறங்க வேண்டும்.

யந்திரத்தின் வயதை ஹவர் மீட்டர் காட்டும் எண்ணிலிருந்து கணிப்பது பொதுஜனங்களின் பழக்கம். ஆனால் அதன் ஆயுளை உண்மையில் நிர்ணயிப்பது ஹைட்ராலிக் எண்ணெயின் சுத்தமே என்பது இக்கட்டுரையாளரின் திடமான கருத்து. எஞ்சின் சுழற்றும் பம்ப்புகள் எண்ணெயைத் தொட்டியிலிருந்து உறிஞ்சி, சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய இருநூறு கிலோ அழுத்தத்தில் வால்வுக் கட்டைக்கு அனுப்ப, அங்குள்ள ஸ்பூல்கள் கைப்பிடியின் அசைவுக்கேற்ப அதனைச் சிலிண்டர்களுக்கும் மோட்டார்களுக்கும் பங்கிடுகின்றன. ஸ்பூலுக்கும் அது நகரும் துளைக்கும் இடையிலுள்ள சந்து சில மைக்ரான்களே. மனிதனின் தலைமயிரோ ஏறத்தாழ எழுபது மைக்ரான் கனம் உள்ளது. நாற்பது மைக்ரானுக்குக் குறைந்த தூசி கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகவே கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் எண்ணெயே ஸ்பூலையும் பம்ப்பையும் அராவித் தேய்த்துக்கொண்டிருக்கக்கூடும். தொட்டியின் மூடியைத் திறக்குமுன் சுற்றிலும் துடைப்பதும், கழற்றிய ஹோஸின் வாயை உடனே மூடி அடைப்பதும், புது எண்ணெயையும் வடிகட்டி வழியாகவே ஊற்றுவதும் அற்பக் காரியங்களாகத் தோன்றினும், யந்திரத்தைக் காப்பவை அவையே.

பழைய யந்திரத்தின் உள்நிலையை அறிய ஒரு நல்ல உபாயம் உண்டு. தொட்டிக்குத் திரும்பும் எண்ணெயை வடிகட்டும் ரிட்டர்ன் ஃபில்டரைக் கழற்றியபின் எறிந்துவிடாமல், அதன் உறையைக் கத்தரித்து, மடிப்பு மடிப்பாயுள்ள காகிதத்தை விரித்து வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். கறுத்த ரப்பர்த் துணுக்குகள் சீலோ ஹோஸோ சிதைவதைக் காட்டும். பொன்னிறத்தில் மின்னும் பொடி இருப்பின் பம்ப் அல்லது மோட்டாருக்குள்ளிருக்கும் வெண்கலப் பாகங்கள் தேய்கின்றன என்று கொள்ளலாம். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. கருகிய வாடை வீசினால் அது அளவுமீறிச் சூடேறியிருக்கிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பம்ப்பைப் பிரிப்பதற்கு முன், செலவில்லாத இப்பரிசோதனையைச் செய்யாதவர்கள் பலர் என்பது வருந்தத்தக்கது.

பழுதின் இடத்தைக் கண்டுபிடிப்பதில் அவசரம் கூடாது. எல்லா அசைவுகளும் ஒருங்கே மந்தமானால் எண்ணெயின் அளவு, உறிஞ்சும் வடிகட்டி, எஞ்சினின் வேகம் ஆகிய பொதுக் காரணங்களையும், ஒரே பம்ப்பால் இயங்கும் இரண்டு மூன்று அசைவுகள் மட்டும் தளர்ந்தால் அப்பம்ப்பையோ அழுத்தத்துக்கு எல்லையிடும் அதன் ரிலீஃப் வால்வையோ, ஒன்றே ஒன்று தளர்ந்தால் அதற்குரிய ஸ்பூலையும் சிலிண்டரையும் சந்தேகிக்க வேண்டும். உதாரணமாக, நேராக ஓட்டும்போது யந்திரம் இடப்பக்கம் இழுக்கிறதென்றால் இடது செயின் பின்தங்குகிறது என்று பொருள். இரண்டு செயினின் இழுவிறைப்பும் சமமாயிருப்பின், மேற்கட்டின் எண்ணெயைக் கீழ்க்கட்டுக்கு இறக்கும் சென்டர் ஜாயிண்டின் மேற்புறத்தில் இடது வலது ஹோஸ்களை மாற்றி இணைத்துச் சற்றே ஓட்டிப் பார்க்கலாம். குறை வலப்பக்கம் மாறினால் கோளாறு வால்விலோ பம்ப்பிலோ உள்ளது; இடப்பக்கமே நின்றால் சென்டர் ஜாயிண்டிலோ இடது செயினை ஓட்டும் டிராவல் மோட்டாரிலோ உள்ளது. பிறகு அந்த மோட்டாரின் டிரெயின் குழாயைக் கழற்றி, செயினை ஓடவொட்டாமல் தடுத்துக் கைப்பிடியை அழுத்தினால், அதன்வழியே எண்ணெய் தாராளமாகக் கொட்டும் மோட்டார் தேய்ந்த மோட்டார். சொட்டுச் சொட்டாகவே வருமாயின் ஜாயிண்டின் சீல்களைப் பார்க்க வேண்டும். இச்சோதனைகளுக்கு ஸ்பானர் இரண்டும் அரைநாட் பொழுதும் போதும்.

தூக்கி நிறுத்திய பூம், அதாவது கையின் அடிப்பகுதி, தானே மெல்லத் தாழ்வது பழைய யந்திரங்களில் சர்வசாதாரணம். உடனே சிலிண்டரைக் குற்றஞ்சாட்டுவார்கள். ஆனால் பிஸ்டன் சீல் கசிந்து எண்ணெய் ஒருபக்கத்திலிருந்து மறுபக்கம் போனாலும், இருவாய்களும் அடைபட்டிருக்கும்வரை, ராடு அடைத்துக்கொள்ளும் இடத்தின் காரணமாக அவ்வளவு எண்ணெயும் அங்கே கொள்ளாது. ஆகையால் தாழ்தல் நீடிக்குமாயின் ஸ்பூலின் தேய்மானமும் அதற்குத் துணைபோகிறது என்று அறிக. சந்தேகம் தீர, ராடை முழுதும் நீட்டி, அழுத்தத்தை விடுவித்து, ராடுப் பக்கத்து ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, மேலும் நீட்டும் திசையிலேயே அழுத்தம் கொடுத்துப் பார்க்கலாம். திறந்த வாயில் எண்ணெய் தொடர்ந்து ஒழுகினால் பிஸ்டன் சீல் போய்விட்டது.

சீல் கிட் மாற்றும் வேலை பெரிதன்று, நிதானமே பெரிது. பூமைத் தரையில் கிடத்தி, எஞ்சினை நிறுத்தி, கைப்பிடிகளைப் பலமுறை அசைத்து எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, சிலிண்டரைப் பிணைக்கும் பின்னைத் தட்டி எடுத்து, முகப்பு நட்டைக் கழற்றி ராடை உருவ வேண்டும். பழைய சீலை நீக்குமுன் அதன் உதடு எத்திசை நோக்கியிருந்ததென்று குறித்துக்கொள்வது அவசியம். தலைகீழாகப் போட்ட புதுச் சீல் ஒரு நாளும் தாங்காது. புதுச் சீலை வெதுவெதுப்பான எண்ணெயில் ஊறவைத்தால் கிழியாமல் நெகிழ்ந்து ஏறும். அடுத்ததாக ராடின் பளபளப்பான மேற்பூச்சில் விரல் நகத்தை நீளவாக்கிலும் சுற்றுவாக்கிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் மாட்டுகிற கீறல் எத்தனை புதுச் சீலையும் சில வாரங்களில் அறுத்துவிடும். சிறு மேடாயின் மிருதுவான எண்ணெய்க்கல்லால் தேய்த்து நீக்கலாம். ஆழ்ந்த கீறலாயின் குரோம் பூச்சைப் புதுப்பிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இவ்வேலைகளில் உயிருக்கே அபாயமானவை சில உண்டு. ஹோஸில் ஊசிமுனைத் துளையிலிருந்து பீச்சும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்துச் சதைக்குள் ஏறிவிடும். காயம் ஒரு புள்ளியளவே, முதலில் வலியும் சொற்பமே. எனினும் சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை நடவாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரும். கசிவைக் கையால் தடவித் தேடாமல் அட்டைத் துண்டை நீட்டித் தேடுதல் வேண்டும். செயினின் விறைப்பைக் கிரீஸ் நிறைந்த சிலிண்டரே தாங்குகிறது. விறைப்பைத் தளர்த்த அதன் வால்வை முகத்துக்கு நேரே வைத்து முழுதும் கழற்றினால், வால்வே குண்டுபோலப் பாயக்கூடும். சிறிது சிறிதாகத் திருகிக் கிரீஸை வழியவிட வேண்டும். தூக்கிய பூமின் கீழ்த் தாங்கலின்றி எவரும் நுழையலாகாது.

கையின் மூட்டுகளிலுள்ள பின்னும் புஷ்ஷும் தினசரி கிரீஸைக் கேட்பவை. ஒரு வேலைநாள் கிரீஸின்றி நகர்ந்தால் அவை மண்ணையே கிரீஸாக அரைத்துக்கொள்ளும். பக்கெட்டைத் தரையினின்று சற்றுத் தூக்கி நுனியைக் கையால் ஆட்டினால் தேய்மானம் எல்லாம் சேர்ந்து அங்கே பெருகித் தெரியும். தளர்ச்சி துளையின் வடிவத்தையே நீள்வட்டமாக்கிவிட்டால், வெல்டிங் வைத்து நிரப்பி, போரிங் செய்து, லேத் பட்டறையில் கடைந்த புதுப் புஷ்ஷை அழுத்தி ஏற்றுவர். பக்கவாட்டு இடைவெளிக்கு ஷிம் போதும். மேற்கட்டு திரும்பும் பெரிய வளையத்துக்கு ஒரே நிலையில் நின்று கிரீஸ் அடித்தால் ஒரு பாகமே நனையும். சிறிது சிறிதாகத் திருப்பித் திருப்பி அடிக்க வேண்டும். ரப்பர் செயினுள் இரும்புக் கம்பிகள் புதைந்திருப்பதால், வெடிப்பின் வழியே நீர் புகுந்து கம்பி துருப்பிடித்துவிட்டால் செயின் திடீரென அறும்.

எஞ்சினைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு; அக்காலச் சிறு டீசல் எஞ்சின்கள் காற்று, எண்ணெய், நீர் மூன்றும் சுத்தமாயிருப்பின் நெடுங்காலம் உழைப்பவை. காலையில் கிளம்பத் தயங்கினால் ஹீட்டர் பிளக்குகளையும், டீசலை நிறுத்தும் சாலினாய்டின் வயரையும், எல்லாவற்றுக்கும் முன்னதாகத் துருவேறிய எர்த் இணைப்பையும் பார்க்க வேண்டும். ஃபில்டர் மாற்றியபின் காற்றை வெளியேற்ற மறத்தல் புதியவர்களின் பிழை. ரேடியேட்டரின் இறகுகளுக்கிடையே படிந்த தூசியும் புல்லும் எஞ்சினோடு ஹைட்ராலிக் எண்ணெயையும் சூடாக்கிவிடும்.

மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதாயின், இயன்றவரை ராடுகளை உள்ளிழுத்து, வெளியே நிற்கும் பகுதிகளுக்குக் கனமாகக் கிரீஸ் பூசி, டீசல் தொட்டியை விளிம்பளவு நிரப்பி வைக்க வேண்டும். மீண்டும் எடுக்கும்போது ராடில் பூசிய கிரீஸைத் துடைத்துவிட்டு, எஞ்சினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, எண்ணெய் தொட்டுப் பார்க்கச் சூடேறும்வரை ஒவ்வொரு சிலிண்டரையும் மெதுவாக நீட்டி மடக்கிய பின்னரே பக்கெட்டை மண்ணில் இறக்க வேண்டும்.