ஷுகருக்கு சூரணம், மூட்டுக்குப் பொடி... மாத்திரையை நிறுத்தும் முன் இதைப் படிச்சிடுங்க!

உங்கள் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பிலும் அந்த வீடியோ வந்திருக்கும். வெள்ளை வேட்டியில் ஒருவர், பின்னால் பச்சைப் பசேலென்று ஒரு தோட்டம். 'மூணே மாசம்... ஷுகர் மாத்திரையைத் தூக்கிப் போட்டுடலாம். முழுக்க மூலிகை, பக்கவிளைவே கிடையாது!' கீழே ஒரு போன் நம்பர். பெரியப்பா கைகூப்பும் எமோஜி போடுவார். அம்மா மெதுவாக உங்கள் பக்கத்தில் வந்து, "இதை எனக்கு ஆர்டர் பண்ணித் தர்றியா?" என்பார்.

ஆர்டர் போடப்போவது நீங்கள்தான். அதனால் இந்த விஷயமெல்லாம் உங்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

சித்தா, ஆயுர்வேதம் எல்லாம் சும்மா என்று சொல்ல வரவில்லை. மூலிகை வேலை செய்யும். பிரச்னையே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

வேலை செய்வதால்தான் விளைவும்

சர்ப்பகந்தா என்று ஒரு செடி. நம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாக இருப்பது. மும்பையைச் சேர்ந்த இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இதன் வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 1949-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1952-ல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பல வருடங்கள் உலகம் முழுக்க பி.பி மாத்திரையாக அது ஓடியது. கூடவே மூக்கடைப்பு, மந்தம், சிலருக்கு மன அழுத்தம் என்று பக்கவிளைவுகளும் வந்தன. வேராகச் சாப்பிட்டாலும் மாத்திரையாகச் சாப்பிட்டாலும் உள்ளே போவது அதே ரெசர்பின்தான். 'ஆர்கானிக்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்றெல்லாம் உடம்பு பார்க்காது.

ஷுகருக்கு வருவோம். சிறுகுறிஞ்சான், வெந்தயம், பாகல் எல்லாம் ரத்தத்தில் சர்க்கரையை ஓரளவு இறக்கக்கூடியவைதான். அப்பா ஏற்கெனவே கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே யாருக்கும் சொல்லாமல் ஒரு ஸ்பூன் சூரணமும் சேர்ந்தால், இரண்டும் கைகோத்து சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, குழப்பம். ராத்திரி பாத்ரூம் போக எழுந்து அப்படியே விழுந்துவிட்டால்? 'பொடி வேலை செய்யுது' என்று வீட்டில் சந்தோஷப்படுகிற நேரத்தில்தான் இது நடக்கும்.

இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம் இன்னோர் உதாரணம். எப்போதாவது ஒரு துண்டு என்றால் சரி. தினமும் பொடியாகச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். பி.பி-க்காக நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஏற்கெனவே பொட்டாசியம் குறைய வாய்ப்பு உண்டு. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். திரிகடுகத்தில் இருக்கும் மிளகும் திப்பிலியும் ஃபெனிட்டாயின் போன்ற வலிப்பு மாத்திரைகளை உடம்பு அதிகமாக உறிஞ்சும்படி செய்யக்கூடியவை. (உடனே ரசத்தை நிறுத்திவிட வேண்டாம். சமையலில் போடும் அளவு வேறு, மருந்தாகத் தினமும் விழுங்கும் அளவு வேறு.)

சீந்தில், அமுக்கரா, ஆடுதின்னாப்பாளை

கொரோனா சமயத்தில் 'இம்யூனிட்டி' என்ற பெயரில் சீந்தில் கொடியைப் பலரும் கஷாயமாகக் குடித்தார்கள். இந்தியில் கிலோய். சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக 2021-ல் மும்பை டாக்டர்கள் பதிவுசெய்தனர். பிறகு நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரின் விவரங்களை வெளியிட்டன. தைராய்டு மாதிரி ஆட்டோ இம்யூன் பிரச்னை உள்ளவர்களுக்கு ரிஸ்க் அதிகம் என்பது டாக்டர்களின் கணிப்பு. ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. சீந்தில் பாதுகாப்பானது, அதே ஜாடையில் இருக்கும் வேறு கொடியைத் தவறாகச் சாப்பிட்டிருக்கலாம் என்றது. சரி, அப்படியே இருக்கட்டும். கடையில் வாங்கிய பொடியில் அரைபட்டிருப்பது எந்தக் கொடி என்று நமக்கு எப்படித் தெரியும்?

ஜிம் போகும் நண்பர்கள் கவனிக்க வேண்டியது அஸ்வகந்தா, நம் ஊரில் அமுக்கரா கிழங்கு. ஸ்ட்ரெஸ்ஸுக்கு, தூக்கத்துக்கு என்று இப்போது கம்மி மிட்டாயாகவே வருகிறது. டென்மார்க் இதை 2023-ல் தடைசெய்தது. அமெரிக்காவிலும் ஐஸ்லாந்திலும் கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன. தைராய்டு ஹார்மோனைக் கூட்டவும் செய்யும் என்பதால், தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது.

ஆடுதின்னாப்பாளை... ஆடுகூடத் தின்னாது என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். இதிலும், இதன் குடும்பத்தைச் சேர்ந்த பெருமருந்துக்கொடியிலும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உண்டு. 1990-களில் பெல்ஜியத்தில் எடை குறைக்கும் கிளினிக் ஒன்றில் கொடுத்த சீன மூலிகைக் கலவையில் இந்த அமிலம் உள்ள செடி கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. பலருக்கு டயாலிசிஸ் வரை போனது. புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதைச் சேர்த்திருக்கிறது.

அத்தையின் பொட்டலம்

இதை எழுத என்னைத் தூண்டியது என் அத்தைதான். வயது 57, ஓயாத மூட்டுவலி. பக்கத்து வீட்டம்மா யாரோ ஒருவரிடமிருந்து காகிதப் பொட்டலத்தில் ஒரு பழுப்புப் பொடி வாங்கிவந்து கொடுத்தார். பெயர் இல்லை, சீட்டு இல்லை. 'காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, வெந்நீர்ல' அவ்வளவுதான். பத்தே நாளில் அத்தை மாடிப்படி ஏறினார். "பார்த்தியாடி, அந்த டாக்டர் ஆபரேஷன்னு சொன்னாரே!" என்று எனக்கு போன் செய்தார்.

நாலு மாதத்தில் முகம் வட்டமாக உப்பியது. 'பூரிச்சுட்டீங்க' என்றார்கள் சொந்தக்காரர்கள். அதுவரை இல்லாத ஷுகர் 240 காட்டியது. பிறகு ஒருநாள் பொடி தீர்ந்துபோனது, விற்றவர் போனை எடுக்கவில்லை. அடுத்த வாரமே வாந்தி, எழுந்து உட்கார முடியாத அசதி, பி.பி இறங்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "வேற ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களாம்மா?" என்பதுதான். "இல்லை" என்றார் அத்தை. பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது மருந்தே இல்லை, மூலிகை. அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்த கடைசிப் பொட்டலத்தை நான்தான் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய கார்டிசால் மிகக் குறைவாக இருந்தது. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

மூட்டுவலி, ஆஸ்துமா பொடிகளில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டு கலப்பதும், ஷுகர் பொடிகளில் அலோபதி மாத்திரையையே இடித்துக் கலப்பதும் பல நாடுகளில் பிடிபட்ட மோசடிகள். ஸ்டீராய்டு தொடர்ந்து உள்ளே போனால், உடம்பு தன் சுரப்பை நிறுத்திக்கொள்ளும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அதனால் அப்படி ஒரு சந்தேகம் வந்தால் பொடியைக் குப்பையில் கொட்டிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அத்தைக்கு ஸ்டீராய்டு மாத்திரையையே கொடுத்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தினார்கள்.

பற்பம், செந்தூரம்

இந்திய மருத்துவத்தில் பாதரசம், ஈயம், தாளகம் எல்லாம் தெரியாமல் கலந்துவிடுபவை அல்ல. சுத்திசெய்து, புடம் போட்டு, தெரிந்தே சேர்ப்பவை. எவ்வளவு, எத்தனை நாள், என்ன பத்தியம் என்ற கறாரான கணக்கும் அந்த முறையிலேயே உண்டு. யூடியூப் பார்த்து மாதக்கணக்கில் விழுங்க அவை கண்டுபிடிக்கப்படவில்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்ததில், 14-ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது இருந்ததாக 2004-ல் ஓர் ஆய்வு வந்தது. 2008-ல் ஆன்லைனில் வாங்கிய 193 பொருள்களைச் சோதித்தார்கள். அதிலும் ஐந்தில் ஒன்று அப்படித்தான். 2011-12-ல் நியூயார்க்கில் ஆறு கர்ப்பிணிகளுக்கு ஆயுர்வேத மருந்துகளால் ஈய நச்சு ஏற்பட்டது பதிவாகியிருக்கிறது. காரணமே தெரியாத வயிற்றுவலி, மலச்சிக்கல், ரத்தசோகை என்று அலைந்துகொண்டிருக்கும் ஒருவர் செந்தூரமோ பற்பமோ சாப்பிடுகிறார் என்றால், ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கும் 1940-ம் ஆண்டின் மருந்துகள் சட்டம் பொருந்தும். லேபிளில் தயாரிப்பு உரிமம் எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, நிறுவனத்தின் முகவரி, சேர்ந்துள்ள பொருள்கள் இருக்க வேண்டும். எட்டி, ஊமத்தை, பாதரசம் போன்ற நச்சுப் பட்டியலில் உள்ளவை சேர்ந்திருந்தால், மருத்துவர் கண்காணிப்பில்தான் எடுக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அச்சாகியிருக்க வேண்டும். உரிம எண்ணுக்குப் பதில் வெறும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் மட்டும் இருக்கிறதா? அது சட்டப்படி உணவுப் பொருள். நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி அதை விற்கவே கூடாது.

அந்த வாட்ஸ்அப் வீடியோவுக்கும் சட்டம் இருக்கிறது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புற்றுநோய் உள்ளிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-லேயே தடைசெய்துவிட்டார்கள். ஆக, 'ஷுகர் முற்றிலும் குணமாகும்' என்று ஒருவர் கூவுகிறார் என்றால், மருந்து எப்படியோ, விளம்பரமே சட்டவிரோதம்.

சித்தா, ஆயுர்வேதம்தான் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாகப் பாருங்கள். பி.எஸ்.எம்.எஸ் அல்லது பி.ஏ.எம்.எஸ் படித்து, பதிவு எண் வைத்திருப்பவரிடம் போங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அரும்பாக்கத்திலும் பாளையங்கோட்டையிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே போகும்போது அலோபதி மாத்திரைச் சீட்டையும், அலோபதி டாக்டரிடம் போகும்போது சூரண டப்பாவையும் காட்டுங்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டாலே போதும். ஆபரேஷன் ஏதாவது இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடமும் கட்டாயம் சொல்லுங்கள். மாதக்கணக்கில் சாப்பிடுவதாக இருந்தால் ஆரம்பிக்கும் முன்பும், சில வாரங்கள் கழித்தும் கல்லீரல், கிரியாட்டினின் டெஸ்ட் எடுத்துவிடலாம். கண்ணில் மஞ்சள், அடர்நிறத்தில் சிறுநீர், உடம்பெல்லாம் அரிப்பு என்றால் டெஸ்ட்டுக்குக் காத்திருக்காமல் மருந்தைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பேரமே கிடையாது: இன்சுலின். டைப்-1 சர்க்கரை உள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்திவிட்டு எந்த மூலிகை கொடுத்தாலும், சில நாள்களுக்குள் வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று போய்விடும். பி.பி, வலிப்பு, தைராய்டு மாத்திரைகளையும் எழுதிக்கொடுத்த டாக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம்.

அத்தை இப்போதும் சித்த மருத்துவரிடம்தான் போகிறார். அரசு ஆஸ்பத்திரி, ஓ.பி சீட்டு, மூட்டில் தடவ ஒரு தைலம். பொடி எதுவும் எழுதினால் அங்கிருந்தே எனக்கு வீடியோ கால் போட்டு, "லேபிளைப் படிச்சு சொல்லுடி" என்கிறார்.