சிங்கவரக் கொற்றவையும் கானக அச்சமும்

செஞ்சிக்கு வடக்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சிங்கவரம். பல்லவர் காலத்தில் அங்குக் குன்றைக் குடைந்து அமைத்த அரங்கநாதர் கோயில் பலரும் அறிந்ததே. பள்ளிகொண்ட பெருமாளைக் கண்டு மீள்வோருள், அங்குள்ள கொற்றவைப் புடைப்புச் சிற்பத்தை நின்று நோக்குவோர் சிலரே.

எருமைத்தலைமேல் தேவி நிற்கிறாள். காலடியில் மண்டியிட்ட அடியான் தன்னையே பலியாக அளிக்கும் நிலையில் உள்ளான். கானகத்தை அஞ்சிய மாந்தரின் உள்ளமே ஈண்டுக் கல்லில் வடிக்கப்பட்டது எனக் கூறிவிடுதல் எளிது. செஞ்சி நிலமும் அதற்கு இடந்தருவதே. உருண்டு வீழ்வனபோல் அடுக்குண்ட பாறைக் குன்றுகளைக் கண்டார் அதனை மறுக்கார். அந்நிலத்தின் கொடுமை வெறுங்கற்பனையும் அன்று. 1750 முதல் 1761 வரை கோட்டையைக் கைக்கொண்டிருந்த பிரஞ்சுக்காரர் 1200 ஐரோப்பிய வீரரை இழந்தனர் என்றும், அவ்விடம் நோய்மிக்கது என்றும் ஆங்கிலேயர் காலத்துக் கெசட்டியர் குறிக்கிறது.

ஆயினும், அச்சம் என்னும் ஒரு சொல் இச்சிற்பத்தை முற்றும் விளக்காது என்பதே எம் கருத்து. மாமல்லபுரத்து மகிடமர்த்தினி மண்டபத்தில் போர் இன்னும் முடிந்திலது. எருமைத்தலையும் மனித உடலும் கொண்ட அசுரன் எதிர்த்து நிற்கிறான். சிங்கவரத்திலோ போர் இல்லை. எருமைத்தலை தேவியின் பீடமாகிவிட்டது. அஞ்சத்தக்கது அடங்கிய பின்னைக் காட்சி இது.

பின் அடியான் குருதி தருவது எதற்கு? விடையைச் சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் காண்கிறோம். ஆங்கும் கொற்றவை காட்டெருமைத் தலைமேல் நிற்பவளே. எயினர் தம் மிடற்றுக் குருதியை அவளுக்குச் செலுத்துகின்றனர். அதனை வெற்றிக்குரிய விலை என்றும், தாம் செலுத்தும் கடன் என்றும் கூறுகின்றனர். விலை பேசுவோன் நடுங்குவோன் அல்லன். இதனை அச்சம் என்றே சொல்லி நிறுத்துவோமாயின், எயினரை இடிக்கும் இருளுக்கும் ஒடுங்கிய அறியா மாக்களாக ஆக்கிவிடுவோம். அப்பிழையை மேனாட்டார் மட்டுமன்றி நம்மவரும் செய்துள்ளனர்.

இவ்வழக்கம் காட்டோடு நின்றதும் அன்று. கடற்றுறை நகராகிய மாமல்லையில், திரௌபதி இரதம் எனப்படும் கோயிலிலும், தன் தலையை அரியும் வீரனைத் தேவியின் காலடியில் காண்கிறோம். வேட்டுவரின் கடன் வேந்தரின் சிற்பிகளிடத்தும் இடம்பெற்றது. கலிங்கத்துப்பரணியின் காளி கோயிலுக்கு வழி இதுவே போலும்.

அச்சமே இல்லை என்று நாம் வாதிடவில்லை. போருக்குச் செல்வோனுக்கு அஃது இல்லாதிருத்தல் அரிது. ஆனால் அவன் அஞ்சுவது மலையையோ காட்டையோ அன்று, பகைவனின் வாளை. செஞ்சிக் கோட்டையின் இராசகிரியிலும் கமலக்கண்ணி அம்மன் மதிலுக்குப் புறத்தே, காட்டில் நிற்கவில்லை. கோட்டைக்குள், காப்போரின் பக்கத்தில் இருக்கிறாள்.