நள்ளிரவு மணி

ஆவூரில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு மண் குதிர் இருந்தது. அப்பாயி அதில் வரகைக் கொட்டி, வாயைச் சாணியால் மெழுகி மூடிவிடுவார். நாங்கள் அரிசிச் சோற்றுக்கு மாறி வெகுகாலம் ஆன பிறகும் அந்த வரகு அங்கேயே கிடந்தது. "இது நமக்கில்லடா, வர்றவுகளுக்கு" என்பார். ஈஸ்டருக்குப் பாஸ்கா நாடகமும் தேரும் பார்க்கப் பல ஊர் ஜனம் வரும். அவர்களைச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். 1977 நவம்பர் 12-ஆம் தேதிப் புயலில்தான் விளங்கியது. நாகப்பட்டினம் பக்கம் கரையேறி, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளைப் புரட்டிப் போட்ட புயல் அது. கூரையைப் பறிகொடுத்தவர்கள் பதினேழு பேர் எங்கள் ஓட்டு வீட்டில் ஒண்டினார்கள். மூன்று நாள் அந்தக் குதிர்தான் கஞ்சி ஊற்றியது.

பிறகு சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் இருபத்தாறு வருஷம் ஸ்டோர் கீப்பர் வேலை பார்த்தேன். ஐப்பசி பிறப்பதற்குள் எனக்கு ஒரு பட்டியல் வந்துவிடும். ஜெனரேட்டருக்கு டீசல், அரிசி, பருப்பு, ரவை, பால் பவுடர், குடிதண்ணீர், டார்ச் லைட். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் மொட்டைமாடி நாற்காலி, பூந்தொட்டி எல்லாம் உள்ளே போகும். காற்றில் பறந்தால் அவைதான் கண்ணாடியை உடைக்கும். தங்கியிருப்பவர்களின் பெயரும் அறை எண்ணும் காகிதத்தில் அச்சாகி வரவேற்பு மேசைக்கு வரும். கம்ப்யூட்டர் நின்றாலும் யார் எந்த மாடியில் என்று தெரிய வேண்டுமே! ஃபிரீசரில் இருப்பதை முதலில் சமைத்துத் தீர்ப்போம். பிறகு கிச்சடி, ரசம் சாதம். வீட்டில் கைக்குழந்தை இல்லாதவர்களாகப் பார்த்து இராத் தங்கும் ஆட்களைக் குறிப்பார்கள்.

இவ்வளவும் செய்தும் 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு, அடையாறு பொங்கியபோது, எங்கள் கீழ்த்தளம் மூழ்கியது. தண்ணீரை இறைக்கும் பம்பின் சுவிட்ச் பெட்டியே கீழ்த்தளத்தில் இருந்ததுதான் காரணம். விமான நிலையத்தில் தண்ணீர் புகுந்து பயணிகள் விமானங்கள் நாள்கணக்கில் நின்றன. விருந்தாளிகள் போக வழியில்லை. எங்கள் ஆட்களுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. ஆனால் சமையல் ஒருவேளையும் நிற்கவில்லை. அதை இன்றும் பெருமையாகச் சொல்வேன்.

இப்படிச் சமையலை நிறுத்தாத இன்னொரு இடத்தைப் பற்றிப் பிறகு படித்தேன். அமெரிக்காவில் வாஃபிள் ஹவுஸ் என்று ஒரு சாப்பாட்டுக்கடை நிறுவனம். இரவு பகல் மூடாது. மின்சாரம் இல்லாவிட்டால் எதைச் சமைப்பது என்று அவர்களிடம் தனிப் பட்டியலே உண்டு. புயலடித்த ஊருக்கு வெளியூர்க் கிளைகளிலிருந்து ஆட்களை அனுப்புவார்கள். அந்நாட்டுப் பேரிடர் துறைத் தலைவராயிருந்த கிரெய்க் ஃபியூகேட், அந்தக் கடை திறந்திருக்கிறதா என்பதை வைத்தும் ஓர் ஊரின் சேதத்தை மதிப்பிடுவார். முழுப் பட்டியலும் கிடைத்தால் பச்சை, பாதி கிடைத்தால் மஞ்சள், கடை மூடியிருந்தால் சிவப்பு.

இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது 1801-இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதம். அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போயிருந்தது. சத்திரங்களையாவது விட்டுவையுங்கள் என்ற மன்றாட்டு அது. இராமேசுவரம் போகும் பாதையில், மணமேல்குடி, மீமிசல் வரை நின்ற சத்திரங்கள். அவற்றின் வேலையை ஒவ்வொன்றாக எழுதுகிறார். வருகிறவர்கள் எல்லாருக்கும் சோறு. நோயில் விழுந்தவருக்குக் குணமாகும்வரை மருந்தும் பத்தியமும். அநாதைப் பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, நான்கு நாளுக்கொருமுறை எண்ணெய்க் குளியல், படிப்பு. நள்ளிரவில் ஒரு மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று அறிவிப்பு.

அந்த மணியை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. சாதி பார்த்துப் பந்தி பிரித்த காலம்தான், மறைக்கமாட்டேன். ஆனாலும் அந்த ஏற்பாட்டின் பலம் வேறிடத்தில் இருந்தது. சத்திரத்துக்கென்று கிராமங்களை எழுதிவைத்தார்கள்; அவற்றின் வருமானம் அங்கேதான் போகும். துன்பம் வந்த பிறகு யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. 1802-இல் ஒரத்தநாட்டில் எழுந்த முத்தாம்பாள் சத்திரம் அப்படி நடந்ததுதான்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியபோது ஒரத்தநாட்டுச் சத்திரம் அன்னம் போடும் இடமாக இல்லை. நான் அப்போது வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டேன். ஆவூரில் அரிசி திரட்டி, வேனில் கீரமங்கலம் பக்கம் கொண்டுபோனோம். வழியெல்லாம் தென்னையும் பலாவும் வேரோடு கிடந்தன. பத்துப் பேருக்குச் சோறு போட்டு வாழ்ந்த விவசாயிகள் சாலையோரம் பாத்திரத்தோடு நின்றார்கள். என் அப்பாயி வயதில் ஒரு அம்மா வேனைப் பார்த்துக் கும்பிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்று ஊருக்கு ஊர் கல்யாண மண்டபம் இருக்கிறது. பெரிய அண்டாக்கள், கோட்டை அடுப்பு, கிணறு, ஆயிரம் பேர் உட்காரும் கூடம், எல்லாம் உண்டு. இல்லாதது ஐப்பசிக்கு முன் நிரப்பிவைக்கும் ஒரு சரக்கறைதான். மண்டபக்காரர்களே, ஊராட்சிக்காரர்களே, இந்த வருஷம் பத்து மூட்டை அரிசியும் ஒரு மூட்டைப் பருப்பும் போதும். கணக்கு எழுத ஆள் வேண்டுமென்றால் ஆவூருக்குச் சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன்.