படைவீரரும் கைபேசியும்: ஊடகக் கல்வியின் வரலாறு

படைவீரர்களுக்கான எண்ணிம ஊடகக் கல்வி இரண்டு திறன்களைக் கற்பிப்பது. கைபேசிக்கு வரும் ஒரு செய்தி, படம் அல்லது நட்பு அழைப்பை யார் அனுப்பினார், எதற்காக அனுப்பினார் என்று ஆராய்வது ஒன்று. தாம் பதிவிடும் படமோ சொல்லோ எதிரிக்கு எதைக் காட்டிக்கொடுக்கும் என்று உணர்வது மற்றொன்று. இந்தியாவில் இக்கல்வியின் வரலாறு பெரும்பாலும் தடை உத்தரவுகளின் வரலாறாகவே இருக்கிறது.

இந்த வரலாற்றின் முக்கியமான ஒரு நாள் கொங்கு நாட்டில் நிகழ்ந்தது. நெசவும் பஞ்சாலையும் நினைவுக்கு வரும் கோவையில் முப்படைகளுக்கும் இடமுண்டு. கிழக்கே சூலூரில் விமானப்படைத் தளம் உள்ளது. நகருக்குள் ரெட்ஃபீல்ட்ஸ் பகுதியில் விமானப்படை நிர்வாகக் கல்லூரியும், கடற்படையின் தலைமைப்பண்புப் பயிற்சி நிலையமான ஐ.என்.எஸ். அக்ரணியும் உள்ளன. கடலே இல்லாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. மேற்குமலையில், குன்னூரை அடுத்த வெலிங்டனில், மூன்று படைகளின் அதிகாரிகளும் பயிலும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி இருக்கிறது.

கடிதத் தணிக்கை

வீரர் என்ன எழுதுகிறார் என்ற கவலை கைபேசியோடு பிறந்ததல்ல. 1914இல் இந்தியப் படைகள் பிரான்சுக்குச் சென்றபோது, அவர்களின் கடிதங்களைப் படிக்கவே பூலோன் நகரில் எவெலின் ஹவல் என்ற அதிகாரியின் தலைமையில் ஒரு தணிக்கை அலுவலகம் அமைக்கப்பட்டது. வீரர்களும் சளைக்கவில்லை. இந்தியச் சிப்பாய்களைக் 'கறுப்பு மிளகு' என்றும், வெள்ளையரைச் 'சிவப்பு மிளகு' என்றும் எழுதிப் போர் நிலையை ஊருக்குத் தெரிவித்தார்கள். தணிக்கையாளர்களும் அதைப் புரிந்துகொண்டார்கள் என்பது வேறு கதை. வீரர் படிக்க வேண்டியதையும் அரசே அச்சிட்டுத் தந்தது. 1909 ஜனவரி 2 அன்று உருதுவில் தொடங்கிய 'ஃபௌஜி அக்பர்' என்ற இதழ் 1954இல் 'சைனிக் சமாச்சார்' எனப் பெயர் மாறி, பின்னர் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் வந்தது. எழுதுவதைத் தணிக்கை செய்வதும், படிப்பதைத் தேர்ந்து கொடுப்பதும் அன்றைய முறை. படித்ததைச் சந்தேகிக்கக் கற்றுத்தருவது அதில் இல்லை.

கைபேசியும் தடையும்

ஒவ்வொரு வீரரின் சட்டைப் பையிலும் ஸ்மார்ட்போன் வந்தபோது அந்த முறை குலைந்தது. 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் ஒருவர் தமக்குத் தரப்படும் உணவைக் குறைகூறி முகநூலில் காணொளி வெளியிட்டார். நாடே அதைப் பார்த்தது. சில மாதங்களில் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2018 ஜனவரியில் வெளிநாட்டில் நிகழ்ந்தது இதைவிட விநோதமானது. ஓடுபவர்களின் பாதையைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியின் உலக வரைபடத்தில், பாலைவனத்து ராணுவ முகாம்கள் ஒளிக்கோடுகளாகத் தெரிவதை ஓர் ஆஸ்திரேலிய மாணவர் கண்டுபிடித்தார். அங்கே யாரும் ரகசியத்தை விற்கவில்லை. காலை ஓட்டத்தைப் பதிவுசெய்தார்கள், அவ்வளவுதான்.

அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று, அப்போதைய தரைப்படைத் தளபதி விபின் ராவத் தில்லியில் நடந்த ஒரு கருத்தரங்கில் இதைப் பற்றிப் பேசினார். வீரர்களைச் சமூக ஊடகத்திலிருந்து விலக்கி வையுங்கள் என்று தமக்கு ஆலோசனை வருவதாகச் சொன்ன அவர், இன்றைய வீரருக்கு ஸ்மார்ட்போனை மறுக்க முடியுமா என்று கேட்டார். தடுக்க முடியாதென்றால் அனுமதித்து, ஒழுங்குக்குள் கொண்டுவருவதே நல்லது என்பது அவர் கருத்து.

நடந்தது வேறு. 2019 டிசம்பரில் விசாகப்பட்டினம் உளவு வழக்கில் கடற்படை வீரர்கள் ஏழு பேர் கைதானார்கள். பெண்கள் பெயரில் இயங்கிய முகநூல் கணக்குகள் வழியாக அவர்கள் சிக்கவைக்கப்பட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அம்மாத இறுதிக்குள் கடற்படை, தளங்களிலும் கப்பல்களிலும் ஸ்மார்ட்போனையும் முகநூலையும் தடைசெய்தது. 2020 ஜூலையில் தரைப்படை, முகநூல், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கிவிட உத்தரவிட்டது. அதை எதிர்த்து ஓர் அதிகாரி தொடுத்த வழக்கைத் தில்லி உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அக்டோபரில் படைக்கெனவே 'சாய்' என்ற பாதுகாப்பான செய்திச் செயலி அறிமுகமானது.

தடைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. நேட்டோவின் ஆய்வு மையம் ஒன்று போலி முகநூல் பக்கங்களை அமைத்து, சுமார் 60 டாலர் செலவில் ஏறக்குறைய 150 வீரர்களை அடையாளம் கண்டதாக 2019இல் வெளியிட்டது. அவர்களில் சிலரைப் பணியிடத்தை விட்டு வரச்செய்யவும் முடிந்தது. ஆனால் செயலியை நீக்குவதால் ஏமாற்றை அடையாளம் காணும் கண் வந்துவிடாது. விடுப்பில் ஊருக்குப் போகும் வீரர் வீட்டில் இருக்கும் கைபேசியைத்தானே எடுப்பார்?

2021 டிசம்பர் 8

அன்று காலை 11.48 மணிக்கு சூலூரிலிருந்து எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டர் ஒன்று வெலிங்டனை நோக்கிப் புறப்பட்டது. 12.15க்கு இறங்க வேண்டியது, 12.08க்குத் தொடர்பை இழந்தது. முப்படைத் தலைமைத் தளபதியாக உயர்ந்திருந்த ராவத், அவர் மனைவி உள்ளிட்ட 13 பேர் அன்றே உயிரிழந்தனர். உயிர் பிழைத்த ஒரே ஒருவரான குரூப் கேப்டன் வருண் சிங்கும் ஒரு வாரத்தில் இறந்தார்.

கைபேசிகளில் காணொளிகள் பரவத் தொடங்கின. எரிந்தபடி சுழன்று விழும் ஹெலிகாப்டர் ஒன்று 'குன்னூர் விபத்து' என்ற பெயரில் சுற்றியது. அது 2020இல் சிரியாவில் எடுக்கப்பட்டது. இன்னொரு காணொளியில், மலை ரயில் பாதையில் நின்ற சுற்றுலாப் பயணிகளின் தலைக்குமேல் ஹெலிகாப்டர் மூடுபனிக்குள் மறைகிறது, பிறகு ஒரு சத்தம். சில வினாடிகள்தான். இது கோவையிலிருந்து சென்றவர்கள் எடுத்தது. காவல்துறை அந்தக் கைபேசியைப் பெற்று கோவைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பியது. வருண் சிங் தம் பள்ளி முதல்வருக்கு எழுதிய, சராசரி மாணவர்களுக்கு ஊக்கம் தரும் கடிதமும் அதே நாட்களில் வலம்வந்தது, அது உண்மையானது. மெய்யும் பொய்யும் ஒரே குழுவில், ஒரே உறவினரிடமிருந்து, அடுத்தடுத்து வந்தன. பார்வைக்கு அதிகம் 'உண்மையாக'த் தெரிந்தது சிரியக் காணொளிதான்.

சதி என்ற பேச்சும் கிளம்பியது. இறந்தவர்களின் மாண்பை மதித்து, ஆதாரமற்ற ஊகங்களைத் தவிர்க்குமாறு டிசம்பர் 10 அன்று விமானப்படை ட்விட்டரில் கேட்டுக்கொண்டது. விசாரணையின் முதற்கட்ட முடிவு 2022 ஜனவரி 14 அன்று வந்தது. வானிலை திடீரென மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து, விமானி திசையுணர்வு இழந்து, கட்டுப்பாட்டில் இருந்தபடியே நிலத்தில் மோதியது என்றது. நாசவேலையோ இயந்திரக் கோளாறோ இல்லை. ஐந்து வாரங்கள் காத்திருந்து கிடைத்த பதில் அது. வதந்திக்குச் சில மணி நேரமே போதுமாயிருந்தது.

தடைக்கு அப்பால்

அமெரிக்கா இதைச் சட்டமாகவே ஆக்கியது. 2021ஆம் நிதியாண்டுக்கான அதன் பாதுகாப்புச் சட்டம், சமூக ஊடகம் வழியாக வரும் அந்நியப் பரப்புரையை வீரர்களும் படைத்துறையின் குடிமைப் பணியாளர்களும் அடையாளம் காணப் பயிற்சித் திட்டம் வேண்டும் என்றது. இந்தியாவிலும் தேவை கூடிக்கொண்டே போகிறது. 2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் பதினேழரை வயதிலேயே படையில் சேரலாம். அத்திட்டத்தைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்பியதாக, அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே 35 வாட்ஸ்அப் குழுக்கள் தடைசெய்யப்பட்டன. சேரும் முன்பே தவறான தகவலைச் சந்தித்துவிட்டுத்தான் இந்த இளைஞர்கள் முகாமுக்குள் நுழைகிறார்கள்.

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூரின்போது, கணினி விளையாட்டுக் காட்சிகளே போர்க் காட்சிகளாகப் பரவின. பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு நாள்தோறும் மறுப்பு வெளியிட்டது. படை நகர்வுகளை நேரலையாகக் காட்ட வேண்டாம் என்று ஊடகங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. மகனை எல்லைக்கு அனுப்பிவிட்டு, அவன் எங்கே இருக்கிறான் என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பெருமையாகப் போடும் பெற்றோருக்குப் படை உத்தரவுகள் எதுவும் பொருந்தாது. அந்த வீட்டுக் கைபேசிக்கு 89 செயலிகளின் பட்டியல் போய்ச் சேருவதும் இல்லை.