பன்னிப் புல்வெளியும் ஒரு மரத்தின் நெற்றும்

குஜராத்தின் கச்சு மாவட்டத்தில், புஜ் நகருக்கு வடக்கே, பெரிய ரண் உப்புவெளியை ஒட்டி ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது பன்னிப் புல்வெளி. தெற்கிலிருந்து வரும் ஆறுகள் கொட்டிய வண்டலால் ஆன நிலம். ‘ஆக்கப்பட்டது’ என்னும் பொருளில்தான் அப்பெயர் வந்தது என்பர். (தமிழ்க் காதில் அது வேறாக ஒலிப்பதற்குக் கச்சு மக்கள் பொறுப்பல்லர்.) மழை குறைவு, மண்ணில் உப்பு மிகுதி. ஆயினும் மழை பொய்க்காத ஆண்டுகளில் இங்கு விளைந்த புல், மால்தாரிகள் எனப்படும் கால்நடை வளர்ப்போரைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தது. கச்சு மன்னர்கள் இதனை மேய்ச்சலுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தனர்.

1955இல் இந்நிலம் ‘பாதுகாக்கப்பட்ட காடு’ என அறிவிக்கப்பட்டது. ஆட்சிப் பதிவேடுகள் வெட்டவெளியைக் காணும் முறைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வரி தராத நிலம் தரிசு. தரிசு என்றால் மரம் நட வேண்டிய இடம். குடியேற்ற ஆட்சியின் வருவாய்க் கணக்கிலிருந்து வந்த இப்பார்வை அவ்வாட்சியோடு மறையவில்லை. இதற்கு அறிவியலும் துணை நின்றது. 1973இல் வெளியான தபத்காவ், சங்கரநாராயண் ஆகியோரின் புல்வெளி வகைப்பாடு இன்றும் நமக்கு அடிப்படை நூல். ஆனால் அதுவும் இந்தியப் புல்வெளிகளைப் பெரும்பாலும் காடாக மாறும் வழியில் தடைபட்டு நிற்கும் இடைநிலைகளாகவே கொண்டது.

ரண் உப்பு முன்னேறுவதைத் தடுக்கவென்று 1961இல் வனத்துறை ஏறத்தாழ 31,500 ஹெக்டேரில் சீமைக்கருவேலத்தை நட்டது. ஜான்சியில் புல்வெளி, தீவன ஆராய்ச்சிக்கெனத் தேசிய நிறுவனம் தோன்றியது அதற்கு அடுத்த ஆண்டில்தான். நோக்கம் தீயதன்று; உப்பு மெய்யான அச்சமே. ஆனால் வேலியாக நட்டது வெளியை விழுங்கியது. உள்ளூரார் அதற்கு ‘காண்டோ பாவள்’, அதாவது பித்துப் பிடித்த கருவேலம், எனப் பெயரிட்டனர். தமிழ்நாட்டு வாசகர்க்கு விளக்கம் தேவையில்லை.

கால்நடை ஊட்டவியல் பயில்வோர் இங்குதான் நின்று நோக்க வேண்டும். இம்மரத்தின் இலையைக் கால்நடைகள் விரும்புவதில்லை. நெற்றோ இனிப்பானது, சர்க்கரை மிகுந்தது, ஏறத்தாழ 12 விழுக்காடு புரதமும் கொண்டது. வறட்சிக் காலத்தில் அடர்தீவனத்தின் ஒரு பகுதிக்கு ஈடாகும் மாற்றுத் தீவனம் என்று அட்டவணை கூறும், அது உண்மையும்கூட. ஆனால் முழு நெற்றைத் தின்ற விலங்கின் குடலில் கடின உறை கொண்ட விதை செரிப்பதில்லை. அது முளைப்புக்கு இன்னும் தகுதி பெற்று, சாணம் என்னும் எருவோடு, மேய்ச்சல் நிலத்தில் விழுகிறது. தீவனமும் களையும் ஒரே பொருள். நெற்றையே முழுத் தீவனமாக நெடுநாள் உண்ணும் மாடுகளுக்கு அதிலுள்ள ஆல்கலாய்டுகள் தாடை நரம்பைத் தாக்கும் என்பது பிரேசில் ஆய்வுகளால் நிறுவப்பட்டது.

மந்தையின் அமைப்பும் மாறியது. புல்லை நம்பிய காங்கிரேஜ் மாடுகள் குறைய, எருமைகள் பெருகின. இரவில் தாமே மேயச் சென்று விடியலில் பால் கறக்கத் திரும்பும் இந்த எருமையை, மால்தாரிகளின் நீண்ட காலத் தெரிவின் பயனாக உருவான தனி இனமென 2010இல் தேசியப் பதிவு ஏற்றது. இனத்திற்கு ஏற்பு வந்தது. அதனை உருவாக்கிய மேய்ச்சல் உரிமைக்கோ, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தை முன்வைத்து அச்சமூகம் நெடுங்காலம் வாதாட வேண்டியிருந்தது.

ஒரு நடைமுறைக் குறிப்பு. நெற்றை விதையோடு சேர்த்து அரைத்துவிட்டால் முளைப்பு ஒழியும். விதைக்குள் பூட்டிக் கிடக்கும் புரதமும் விலங்குக்குக் கிட்டும். எளிய செய்தியே. எனினும் விதை பசையும் கடினமுமாக இருப்பதால் சிற்றூர் ஆலைகளில் அரைப்பது எளிதன்று. உலர்த்தவும் கூலி வேண்டும். மாற்றுத் தீவனம் குறித்து ஆய்வேடு எழுதுவோர் புரதம், நார், செரிமானம் ஆகியவற்றுக்கு அடுத்து இன்னொரு நிரலையும் சேர்க்கலாம்: முழுதாகக் கொடுத்தால் எத்தனை விதைகள் உயிரோடு வெளிவருகின்றன என்பது.